கால்கட்டு மருந்தாகாது: சங்கரன்கோவில் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



இந்த மடலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஒரு சில வீடுகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். மகனுக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை, ஆண்கள்மீதுதான் என்று எப்படியோ தெரியவந்த வீடுகள் அவை. மகளின் தோழி வெறும் தோழி இல்லை என்று புரிந்துபோன வீடுகள். தெரிந்த நாளிலிருந்து அங்கே பேச்செல்லாம் ஒன்றைச் சுற்றியே நடக்கிறது: எங்கே கூட்டிக்கொண்டு போனால் இது மாறும்? பாளையங்கோட்டையில் நல்ல டாக்டர் யார், எந்தக் கோயிலில் எத்தனை நாள் தங்க வேண்டும், எந்தச் சாமியாடி கைராசிக்காரர், ஜாதகத்தில் எந்தக் கட்டத்தில் கோளாறு, பேசாமல் ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் என்ன? வெளியே ஒருவரிடமும் சொல்ல முடியாத வேதனையோடுதான் இதையெல்லாம் யோசிக்கிறீர்கள் என்பதை அறிவேன். பிள்ளைமேல் பாசமில்லாமல் யாரும் இப்படி அலைவதில்லை. அதனால்தான் உங்களிடம் நேராகச் சொல்கிறேன். எங்கே கூட்டிப் போனாலும் மாறாது. கூட்டிப் போவதால் பிள்ளைக்குக் கேடு வரும்.

இன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. ஏற்றுக்கொள்ள உங்களுக்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மாற்ற முயலாமல் இருப்பது வேறு காரியம். அதற்கு மனம் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அதை மட்டும்தான். உங்களிடம் கேட்பதற்கும் காரணம் உண்டு. இந்த "மாற்றும்" வைத்தியத்துக்குத் தானாகக் கிளம்பிப் போகிற பிள்ளைகள் குறைவு. பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ தாய்மாமனோதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள், அவர்களேதான் பணமும் கட்டுகிறார்கள். நீங்கள் போகாவிட்டால் அந்தக் கடை திறந்திருக்காது.

முதலில், இது நோயா? ஒரு காலத்தில் மருத்துவம் அப்படித்தான் சொன்னது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன்பாலீர்ப்பை மனக்கோளாறாக எழுதிவைத்தார்கள். அந்தப் புத்தகங்கள்தான் உலகம் முழுக்கப் போயின. ஆனால் அதே மருத்துவ உலகத்துக்குள்ளேயே சந்தேகமும் சீக்கிரமே எழுந்தது. மனப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் பிராய்டுக்கு 1935இல் அமெரிக்காவிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதினார், தன் மகனை மாற்றித் தர முடியுமா என்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதை நோய் என்று வகைப்படுத்த முடியாது என்று பிராய்ட் பதில் எழுதினார். மாற்றித் தருவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. 1957இல் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் மற்ற ஆண்கள் 30 பேரையும் ஒரே மனநலச் சோதனைகளுக்கு உட்படுத்தி, யாருடையது எது என்று சொல்லாமல் விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தார். எந்தத் தாள் யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதாவது மனநோயின் அடையாளமாக எதைத் தேடினார்களோ அது அங்கே இல்லை. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனம் எடுத்தது. நம் நாட்டு மனநல மருத்துவர்களின் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. நோயே இல்லாத இடத்தில் மருந்துச் சீட்டு எழுதுகிறவர் எதற்கு வைத்தியம் பார்க்கிறார் என்று நீங்கள் கேட்டாக வேண்டும்.

"நோயோ இல்லையோ, மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாமே" என்று ஒரு தகப்பன் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்ற முடியுமா என்பதை உலகம் சோதிக்காமல் விடவில்லை. 1960களிலும் 70களிலும் பிரிட்டனின் மருத்துவமனைகளில் ஆண்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஆண்களின் படத்தைத் திரையில் காட்டி, படம் வரும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். வேறு சிலருக்கு வாந்தி வரவழைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, குமட்டல் தொடங்கும் நேரம் பார்த்துப் படத்தைக் காட்டினார்கள். ஆசை வருகிற இடத்தில் அருவருப்பு வரவேண்டும் என்பது கணக்கு. அந்த வைத்தியத்துக்கு ஆளானவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பேட்டி கண்டவர்கள் எழுதியதைப் படித்தால், ஈர்ப்பின் திசை மாறவில்லை என்பதும், அச்சமும் தனிமையும் தன்மேலேயே ஒரு வெறுப்பும் ஆயுளுக்கும் மிஞ்சின என்பதும் தெரிகிறது. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டியூரிங்குக்கு, ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக, 1952இல் பிரிட்டன் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாக ஹார்மோன் வைத்தியம் விதித்தது. 1954இல் அவர் இறந்துபோனார். பிற்காலத்தில் பிரிட்டன் அரசு அவருக்காக மன்னிப்புக் கேட்டது. 

"மாற முடியும்" என்ற கட்சிக்கு இருந்த மிகப் பெரிய சாட்சியும் பிறகு தானாகவே பின்வாங்கியது. ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடிகிறது என்று 2003இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுக்க முன்னின்றவரே இவர்தான். ஆகவே அந்தக் கட்டுரைக்கு எடை அதிகம். உலகம் முழுக்க "மாற்றும்" கடை விரித்தவர்கள் அதைத் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்த 200 பேரில் பெரும்பகுதி மாற்றும் அமைப்புகளே அனுப்பிவைத்தவர்கள். மாறிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது உண்மையா, ஆசையா, தன்னையே ஏமாற்றிக்கொள்வதா என்று சரிபார்க்க அந்த ஆய்வில் வழியே இல்லை. 2012இல் ஸ்பிட்சரே இதை ஒப்புக்கொண்டு, தன்னை நம்பிக் காலத்தையும் தெம்பையும் வீணாக்கியவர்களிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே இன்னொன்று நடந்தது. 1976இல் தொடங்கி, ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றுவதாகச் சொல்லிவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2013இல் தன்னை மூடிக்கொண்டது. தான் சந்தித்தவர்களில் 99.9 விழுக்காட்டினரின் ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். மூடும்போது பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். எதிர்த்தரப்பார் சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம். ஏறத்தாழ நாற்பதாண்டு அந்தத் தொழிலையே நடத்தியவர்கள் கையை விரித்த பிறகு, அதே சரக்கை நம் ஊர்ப்பக்கம் ஒருவர் விற்றால் எதை நம்பி வாங்குவது? 2009இல் அமெரிக்க உளவியல் சங்கம் 1960 முதல் 2007 வரை வெளிவந்த 83 ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தது. இம்முயற்சிகள் பலன் தர வாய்ப்பில்லை, கேடு விளைவிக்கும் ஆபத்து உண்டு என்பதே அதன் முடிவு.

இவ்வளவுக்குப் பிறகும் நம் பக்கத்தில் ஒரு டாக்டர் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லக்கூடும். அதற்குக் காரணம் அவர் படித்த புத்தகமாக இருக்கலாம். எம்.பி.பி.எஸ். பாடத்தில் தன்பாலீர்ப்பைக் குற்றத்தோடும் வக்கிரத்தோடும் சேர்த்துச் சொல்லும் பகுதிகள் வெகுகாலம் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகுதான் தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் அவற்றைத் திருத்தச் சொன்னது. 2024இல்கூடப் பழைய வாசகம் பாடத்திட்டத்தில் மறுபடி தலைகாட்டி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெறப்பட்டது. அந்தப் புத்தகத்தோடு நின்றுபோன ஒருவர் மனச்சிதைவுக்கான மாத்திரையை எழுதலாம், ஆண்மை ஹார்மோன் ஊசியைப் போடலாம். மனச்சிதைவு இல்லாதவனுக்கு அந்த மாத்திரை தருவது நாள் முழுக்கத் தூக்கமும் மந்தமும்தான். ஹார்மோன் ஊசியால் ஆசையின் அளவு கூடலாம், திசை மாறாது. ஆணை விரும்பும் ஆணுக்கு ஆண்மை ஹார்மோன் குறைவு என்ற எண்ணமே பிழை. பையன் சோர்ந்து படுத்திருப்பதைப் பார்த்து "இப்போ அடங்கிட்டான்" என்று வீட்டில் நிம்மதி பிறக்கும். அது மாற்றமில்லை, மருந்து மயக்கம்.

பிறகு கோயிலும் பூசையும். கோமதி அம்மன் சன்னிதியின் சக்கர பீடத்தில் மனக்கலக்கம் உள்ளவர்களை உட்காரவைத்து வேண்டிக்கொள்வது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. புற்றுமண்ணை நெற்றியிலிட்டு நிம்மதியோடு வீடு திரும்புகிறவர்களின் பக்தியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையோடு சேர்ந்து சாமி கும்பிடப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். பேய் பிடித்திருக்கிறது, ஏவல் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, வராதவளை இழுத்துக்கொண்டு போய், அடித்து, பட்டினி போட்டு, வேப்பிலையால் விளாசுவது வழிபாட்டில் சேராது. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருவர் தன் வீட்டார் தன்னை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய், அடித்து, "சரியாக்க" சடங்குகள் செய்ததாக நீதிபதிகளிடம் நேரில் சொன்னார். தன் உயிருக்கே பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் பயந்தது பெற்றவர்களுக்கு. ஏர்வாடித் தீவிபத்தையும் நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப்போனார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள், குணமாகட்டும் என்று நினைத்த சொந்தக்காரர்கள்தான்.

கேடு என்றேனே, அதற்கு அளவு இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு பெற்றோரைப் பற்றியதே. 21 முதல் 25 வயதுவரையுள்ள இப்படிப்பட்ட இளைஞர்களிடம் அவர்கள் விடலைப் பருவத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மாற்றும் முயற்சி எதுவும் நடக்காதவர்களில் 22 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பெற்றோரே மாற்ற முயன்ற வீடுகளில் இது 48 விழுக்காடு. பெற்றோரின் முயற்சியோடு வைத்தியரிடமோ மதகுருவிடமோ அனுப்புவதும் சேர்ந்துகொண்டபோது 63 விழுக்காடு. இது ஒரு மாநிலத்தில், சில நூறு பேரிடம் எடுத்த ஆய்வு. அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்கள் போகும் திசையைப் பாருங்கள். முயற்சி கூடக்கூட ஆபத்து கூடுகிறது. பெற்றவர்களின் வார்த்தைக்கு அமெரிக்கப் பிள்ளையைவிட நம் பிள்ளைகள் அதிகம் கட்டுப்பட்டவர்கள். படிப்பும் சாப்பாடும் தங்கும் இடமும் எல்லாமே உங்கள் கையில் இருக்கும்போது, உங்கள் மறுப்பின் அடி இங்கே குறைவாக விழும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. 2020 மே மாதம் கேரளத்தைச் சேர்ந்த 21 வயது மாணவி ஒருவர் கோவாவில் இறந்துகிடந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அவர் வெளியிட்ட காணொளியில், இருபால் ஈர்ப்பு உடையவர் என்பதற்காகக் குடும்பத்தார் தன்னைக் காப்பகங்களில் அடைத்து மருந்து கொடுத்ததைச் சொல்லியிருந்தார். அந்த மரணத்துக்குப் பிறகுதான் இப்படிப்பட்ட வைத்தியத்தைக் கைவிடுமாறு நம் நாட்டு மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் வெளிப்படையாகப் பேசினார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாங்க ஷாக் கொடுக்கவா போறோம்? ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா தானா சரியாயிரும்" என்று சொல்கிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் மண்ணில் அதிகம் நடக்கும் மாற்று வைத்தியம் கல்யாணம்தான். அதற்கு டாக்டர் வேண்டாம், ரகசியமும் வேண்டாம். பத்துப் பொருத்தம் பார்த்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டி நடத்தலாம். ஆனால் இந்த வைத்தியத்தில் நோயாளி என்று நீங்கள் நினைக்கிற பிள்ளையோடு, ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துப் படுக்கவைக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள். ராஜபாளையத்திலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ நகை போட்டு, சீர் வைத்து, கடன் வாங்கிக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். முதல் மாதம் கூச்சம் என்று நினைப்பாள். மூன்றாம் மாதம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தன் நிறம் பிடிக்கவில்லையா, உடம்பு பிடிக்கவில்லையா என்று கண்ணாடி முன்னால் நின்று தன்னிடமே குறை தேடுவாள். வருடம் ஒன்று போனதும் குழந்தைக்காக டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். முதல் பரிசோதனை அவளுக்குத்தான், மலடி என்ற பேச்சும் அவளுக்குத்தான். உண்மை தெரிந்த ஒரே ஆள் பக்கத்து நாற்காலியில் வாயடைத்து உட்கார்ந்திருப்பான், ஏனென்றால் வாயைத் திறக்காதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருப்பார்கள். மகளுக்கு நடத்தும் கல்யாணத்தில் இன்னும் கொடுமை உண்டு. விருப்பமில்லாத உடலுறவு இரவுதோறும் அவள்மேல் நடக்கும், அதற்குத் தாலி என்ற பாதுகாப்பும் இருக்கும். இதைப் படிக்கும் தாய் ஒருவருக்கு இந்த வாக்கியம் கடுமையாகத் தோன்றலாம். நடப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

"எத்தனையோ பேர் அப்படிக் கல்யாணம் பண்ணிப் பிள்ளை குட்டியோடு நல்லாத்தானே இருக்காங்க?" என்பார்கள். பிள்ளை பிறப்பதற்கு ஈர்ப்பு மாறியிருக்க வேண்டிய தேவையில்லை. வெளியே தெரியாமல் இருப்பதைத்தான் நாம் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். இருபது வருடம் கழித்து உடையும் குடும்பத்தில், அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதாகியிருக்கும்; இழந்த இளமையை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின்மேல் நடந்த திருமணத்தை ரத்துசெய்யக் கேட்பதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இடமுண்டு, ஆனால் ஏமாற்று தெரியவந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உண்மையை மறைத்துப் பெண் கேட்டுப் போகும் பெற்றோர் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நாளை உங்கள் மகளுக்கு இதே உண்மையை மறைத்து ஒரு வரன் வந்தால் சம்மதிப்பீர்களா?

இன்னும் சில கேள்விகள் மிஞ்சியிருக்கும். "விடலைப் பருவம், போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள் சிலர். அப்படியென்றால் காத்திருங்கள், தானாகப் போவதற்கு எதற்கு வைத்தியம்? பருவக் குழப்பமாக இருந்தாலும் சரி, நிலையான ஈர்ப்பாக இருந்தாலும் சரி, இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே. "இதற்கென்று மரபணு எதுவும் இல்லை என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாமே, அப்போ இது பழக்கம்தானே?" என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. 2019இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்துச் செய்த பெரிய ஆய்வு சொன்னது, தனி ஒரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்களுக்குச் சிறு சிறு பங்குண்டு என்பது. பழக்கம் என்று அது சொல்லவில்லை. இடது கைப் பழக்கம் ஏன் வருகிறது என்றும் முழுதாகத் தெரியாது. ஆனாலும் அந்தக் கையில் அடித்து அடித்து வலது கையில் எழுதவைத்த வாத்தியார்களின் காலத்தில், பிள்ளைகள் வலது கையால் எழுதப் பழகினார்களே தவிர வலது கைக்காரர்களாக ஆகிவிடவில்லை. காரணம் தெரியாதது எல்லாம் மாற்றக்கூடியது என்று ஆகிவிடாது.

"இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம்" என்பது மேடைப்பேச்சில் எடுபடும் வாதம். உண்மையில் மேல்நாட்டிலிருந்து வந்தவை இரண்டு. ஒன்று, 1860இல் ஆங்கிலேயர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. இதைக் குற்றமாக்கியது அது. மற்றது, இதை நோயாக்கிய ஐரோப்பிய மருத்துவப் புத்தகம். இரண்டையும் கொடுத்தவர்கள் தங்கள் நாட்டில் கைவிட்டார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தவர்களுக்கு அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. இந்த ஈர்ப்பு கொண்டவர்கள் விசைத்தறிக் கூடத்திலும் பூ மார்க்கெட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நம்மோடுதான் வேலை பார்க்கிறார்கள். எந்த நாட்டுக் காற்றும் பட்டு அவர்கள் இப்படி ஆகவில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. "என் பையனே மாறணும்னு கேட்கிறான். அவன் விருப்பத்தை நான் தடுக்கலாமா?" இதற்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. தன் ஈர்ப்பு வேண்டாம் என்று உண்மையாகவே வேதனைப்படும் இளைஞர்கள் உண்டு. அவர்களுடைய வேதனையை யாரும் பொய் என்று தள்ளக் கூடாது. ஆனால் அந்த வேதனை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், அப்பா பேசி மூன்று மாதமாகிறது, தங்கைக்கு வரன் வராது என்று சித்தப்பா சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டில் இருந்துகொண்டு "மாற விரும்புகிறேன்" என்று சொல்லும் பிள்ளை, உங்களை இழக்க விரும்பவில்லை என்பதைத்தான் சொல்கிறது. அதோடு, நோயாளி விரும்பிக் கேட்டாலும் பலனில்லாத வைத்தியத்தைக் கொடுக்க மருத்துவருக்கு உரிமை கிடையாது. தன் ஈர்ப்பை வெறுப்பவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் முன்பு தனியாக ஒரு நோய்ப்பெயர் வைத்திருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அதையும் நீக்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஆலோசகர் தேவைப்படலாம். தூக்கம் வராததற்கும், பயத்துக்கும், தன்னை வெறுப்பதற்கும் உதவி தேவை. ஈர்ப்பை மாற்றுவேன் என்று சொல்லாத ஆலோசகரிடம் அது கிடைக்கும்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரையொருவர் விரும்பிய, மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் சென்னைக்குப் போய்விட, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு போதவில்லை என்று சொல்லி, தீர்ப்பெழுதும் முன் உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட நீதிபதி அவர். பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்து, முயல்கிறவர்களின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கவும் அந்த ஆணை சொல்கிறது. அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில், இப்படி வைத்தியம் செய்வது தொழில்முறைக் குற்றம் என்று எல்லா மாநில மருத்துவ கவுன்சில்களுக்கும் எழுதியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஊர் வழக்கத்துக்கோ சமூக ஒழுக்கத்துக்கோ ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது. வயதுவந்த பிள்ளையைப் பெற்றவர் கையெழுத்தை மட்டும் வைத்து அடைத்துவைக்கவும் முடியாது. முன்பு சொன்ன 2025 வழக்கில் அந்தப் பெண்ணைத் தன் துணையோடு போக அனுமதித்த நீதிபதிகள், குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதில்லை என்றும் எழுதினார்கள். ஆனால் இந்த ஏற்பாடுகளில் ஓட்டையும் இருக்கிறது. மருத்துவ கவுன்சிலின் பிடி பதிவுபெற்ற மருத்துவர்கள்மீது மட்டும்தான். பலகை மாட்டிய "கவுன்சிலர்", நாட்டு வைத்தியர், பேயோட்டுகிறவர், தரகர், கல்யாண மண்டபம் இவற்றையெல்லாம் அது தொடாது. இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை, இயற்ற வேண்டும். அதுவரை அந்த ஓட்டையை அடைக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

ஊர்ப்பேச்சு உங்களைச் சுடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆடித்தபசுக்கு வரும் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "இன்னும் முடிக்கலையா?" என்றுதான் கேட்பார். அதற்கு ஒரே நாளில் விடை கிடைக்காது. ஆனால் இந்த வழியில் உங்களுக்கு முன்னால் போனவர்கள் உண்டு. இந்தியாவில் உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத், தன் மகனும் எழுத்தாளருமான விக்ரம் சேத்துக்காக, 2014இல் ஒரு தாயாகவும் நீதிபதியாகவும் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். 2023 ஏப்ரலில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற 400க்கு மேற்பட்ட பெற்றோர், அவர்களின் திருமண உரிமைக்காக இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் உங்களைப்போலவே தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள்.

உங்களுக்கே மனபாரம் தாங்கவில்லை என்றால் அரசின் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. "மாற்றித் தருகிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தால் ரத்து செய்யுங்கள். பேசிவைத்த வரனை நிறுத்துங்கள். அந்த வீட்டாருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. பிள்ளையிடமிருந்து பிடுங்கிவைத்த போனைத் திருப்பிக் கொடுங்கள். பூட்டிய அறையைத் திறந்துவிடுங்கள். இன்று இரவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அருகில் உட்காரவைத்து, "உன்னை எங்கேயும் கூட்டிப் போகமாட்டோம்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரிலிருந்து ஒருவர்,
சங்கரன்கோவில்